சாத்துக்குடி ஜூஸும் ஆறு மாதக் கணக்கும்

குழந்தைக்கு ஆறு மாதம் முடிகிறது என்றால் வீட்டில் ஒரு பேச்சு தானாகக் கிளம்பும். "இனிமே சாத்துக்குடி ஜூஸ் புழிஞ்சு குடும்மா, புள்ள தெம்பா இருக்கும்." சொல்பவர் பாட்டியாக இருக்கலாம், எதிர்வீட்டு அக்காவாக இருக்கலாம், சில சமயம் தடுப்பூசி போட்ட மருத்துவரே சொல்லியிருக்கலாம். எல்லாருமே குழந்தையின் நல்லதுக்காகத்தான் சொல்கிறார்கள். அதனாலேயே இதை மறுத்துப் பேசுவது கஷ்டமாக இருக்கிறது. பழத்தைப் பிழிந்தால் வருவது பழம்தானே, அதில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது என்ற கேள்வி நியாயமான கேள்வி. "கொடுக்காதீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிழிந்து கொடுப்பார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு வயது முடியும் வரை எந்தப் பழச்சாறும் தேவையில்லை. நம் ஊர் நிலவரத்துக்கு இரண்டு வயது முடியும் வரை தள்ளிப்போடுவது இன்னும் நல்லது. பழம் வேறு, சாறு வேறு. மசித்த பழத்தை ஆறு மாதம் முடிந்த உடனே தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால் இந்த ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது, நல்லெண்ணம் கொண்ட இத்தனை பேர் அதை ஏன் இன்னும் விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல், பதிலை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டியிடம் பேச முடியாது.

டம்ளருக்குள் என்ன இருக்கிறது

எட்டு மாதக் குழந்தை, எடை 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சாத்துக்குடியைப் பிழிந்தால் ஏறக்குறைய 150 மில்லி சாறு கிடைக்கும். லேசாகக் கசக்கிறது என்று இரண்டு டீஸ்பூன் சர்க்கரை சேர்ப்பார்கள். வடிகட்டி, சக்கையை எறிந்துவிட்டு, பாலாடையிலோ பாட்டிலிலோ ஊற்றிக் கொடுப்பார்கள். சாறில் 60 கலோரி, சர்க்கரையில் 40 கலோரி, ஆகமொத்தம் 100 கலோரி. இது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் தாய்ப்பால் குடிக்கும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு இணை உணவிலிருந்து கிடைக்க வேண்டியதே ஒரு நாளைக்கு சுமார் 200 கலோரிதான். அதில் சரிபாதியை இந்த ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டுவிட்டது. பதிலுக்குக் கொடுத்தது சர்க்கரையும் தண்ணீரும் கொஞ்சம் வைட்டமின் சியும். புரதம் இல்லை, கொழுப்பு இல்லை, இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லிவிடலாம். இதே 150 மில்லி இடத்தில் தாய்ப்பால் போயிருந்தால் கலோரி அதே 100. கூடவே 5, 6 கிராம் கொழுப்பும், கொஞ்சம் புரதமும், நோய் எதிர்ப்புப் பொருள்களும் போயிருக்கும்.

வயிற்றின் கொள்ளளவும் ஒரு கணக்கு. இந்த வயதில் எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லி அளவுதான் ஒரு வேளைக்குப் பிடிக்கும். 8 கிலோ குழந்தைக்கு 240 மில்லி. பதினொரு மணிக்கு 150 மில்லி ஜூஸ் குடித்த குழந்தை பன்னிரண்டரைக்குப் பருப்பு சாதத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "சாப்பாடே இறங்க மாட்டேங்குது, ஜூஸையாவது குடிக்குதே" என்று சாயங்காலம் இன்னொரு டம்ளர் வரும். இரவும் சாதம் இறங்காது. தாய் சேய் நல அட்டையில் எடைக்கோடு இரண்டு மாதமாகப் படுத்துக் கிடக்கும். அப்போதும் சந்தேகம் ஜூஸ் மேல் விழாது, பசி மருந்து கேட்டு மருத்துவரிடம் போவார்கள். வளர்ச்சி குன்றிய சிறு குழந்தைகளைப் பரிசோதித்துப் பார்த்தபோது வேறு நோய் எதுவும் இல்லாமல் அளவுக்கு மிஞ்சிய பழச்சாறே காரணங்களில் ஒன்றாக இருந்தது என்று அமெரிக்க மருத்துவர்கள் 1990களிலேயே எழுதியிருக்கிறார்கள். ஜூஸை நிறுத்திச் சாப்பாட்டைக் கூட்டியதும் எடை ஏறியது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சாப்பாட்டையும் சாப்பிட்டு, அதற்கு மேல் ஜூஸும் குடிக்கிற குழந்தைக்கு எடை தேவைக்கு மேல் ஏறும்.

சர்க்கரை சேர்க்காமல் கொடுத்தால் ஆகாதா என்று அடுத்த கேள்வி வரும். பாதி பிரச்சினை குறையும், அவ்வளவுதான். 100 மில்லி ஆரஞ்சுச் சாறில் 8, 9 கிராம் சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது. ஆப்பிளில் 10 கிராம், திராட்சையில் 14 கிராம் அளவுக்குப் போகும். பழத்துக்குள் இருக்கும்வரை அந்தச் சர்க்கரை நார்ச்சத்துக்கும் செல்சுவருக்கும் உள்ளே அடைபட்டிருக்கிறது, மெல்ல மெல்ல வெளியே வருகிறது. பிழிந்ததும் அது தனிச் சர்க்கரை ஆகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டலில் டப்பாச் சர்க்கரை, தேன், பழச்சாறில் இருக்கும் சர்க்கரை மூன்றையும் ஒரே வகையில்தான் வைத்திருக்கிறது. சாதாரண வீட்டுக் கணக்கிலும் இது புரியும். 200 மில்லி ஜூஸுக்கு மூன்று சாத்துக்குடி வேண்டும். எந்தக் குழந்தையாவது மூன்று சாத்துக்குடியை உரித்துக் கொடுத்தால் ஒரே மூச்சில் தின்னுமா? பாதிப் பழத்திலேயே போதும் என்று கையைத் தட்டிவிடும்.

இந்த அறிவுரை எப்படிப் பிறந்தது

இந்த இடம் எனக்கு முக்கியம். பாட்டி சொன்னது தவறு என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். அவர் காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

1883ல் லண்டன் மருத்துவர் தாமஸ் பார்லோ, கைக்குழந்தைகளிடம் ஒரு விசித்திரமான நோயை விவரித்தார். காலைத் தொட்டாலே குழந்தை வீறிட்டு அழும். தவளையைப் போலக் கால்களை மடக்கி அசையாமல் கிடக்கும். முளைக்கும் பல்லைச் சுற்றி ஈறு நீலம்பாரித்து ரத்தம் கசியும். கடலோடிகளைக் கொன்ற அதே ஸ்கர்வி நோய்தான், வைட்டமின் சி குறைவால் வருவது. வினோதம் என்னவென்றால் இது ஏழை வீட்டுக் குழந்தைகளைவிட வசதியான வீட்டுக் குழந்தைகளிடம் அதிகம் தெரிந்தது. ஏழைத்தாய் தன் பாலைக் கொடுத்தாள். வசதியான வீட்டில் டின் பாலும் பாக்கெட் மாவும் கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் காசநோயையும் வயிற்றுப்போக்கையும் தடுக்கப் பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தும் வழக்கம் பரவியது. கிருமி செத்தது, கூடவே பாலில் ஏதோ கொஞ்சம் இருந்த வைட்டமின் சியும் போனது. அந்தப் பாலையே நம்பி வளர்ந்த குழந்தைகளுக்கு ஸ்கர்வி வருவதையும், ஆரஞ்சுச் சாறு கொடுத்தால் தீருவதையும் நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஹெஸ் 1910களில் காட்டினார். அதன்பின் குழந்தை வளர்ப்புப் புத்தகம் என்றால் அதில் ஆரஞ்சுச் சாறு தவறாமல் இருந்தது. 1942ல், போரின் நடுவே, பிரிட்டன் அரசு சின்னக் குழந்தைகளுக்கு ஆரஞ்சுச் சாறுச் செறிவும் (தண்ணீரை வற்றவைத்துக் கெட்டியாக்கிய சாறு) காட் மீன் எண்ணெயும் வழங்கும் திட்டத்தையே தொடங்கியது.

நம் வீடுகளிலும் அதே நிலைதான். தாய்ப்பால் போதாத குழந்தைக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து, பொங்கப் பொங்கக் காய்ச்சிச் சங்கில் புகட்டினார்கள், இல்லையென்றால் டின் பால் கரைத்தார்கள். பசும்பாலில் வைட்டமின் சி இருப்பதே சொற்பம். இரண்டு முறை கொதித்தபின் எதுவும் மிஞ்சாது. அந்தக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சில ஸ்பூன் சாத்துக்குடிச் சாறு உண்மையிலேயே மருந்து. அளவையும் மருந்தளவாகத்தான் சொன்னார்கள். நாளடைவில் ஸ்பூன் கணக்கு மறைந்து டம்ளர் கணக்கு வந்தது, மருந்து என்ற நினைப்பு போய்ச் சத்து என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்றைய குழந்தையின் நிலை வேறு. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் சுமார் 40 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, தாய் ஓரளவு காய் பழம் சாப்பிட்டால் போதும். பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கோ அதைத் தயாரிக்கும்போதே சேர்த்துவிடுகிறார்கள். ஆறு மாதம் முடிந்ததும் மசித்த பழம் வருகிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவு இருக்கிறது என்னும்போது, இரண்டு ஸ்பூன் கொய்யாச் சதை போதும். இன்றும் பசும்பாலை மட்டுமே முக்கிய உணவாகக் குடிக்கும் ஒன்பது மாதக் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு வைட்டமின் சி குறைவதும் உண்மை. அதைவிடப் பெரிதாக இரும்புச்சத்து குறைகிறது. ஒரு வயது வரை பசும்பால் முக்கிய உணவாக இருக்கக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம். பாலைச் சரிசெய்து, பழத்தையும் பருப்பையும் முட்டையையும் கூட்டினால் தீரும் குறை அது, ஜூஸ் ஊற்றித் தீராது.

ஆறு மாதமா, ஒரு வயதா, இரண்டா

மருத்துவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று பெற்றோர் குழம்புவதில் தப்பில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2001ல் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம் என்றது. 2017 மே மாதம் அதை ஒரு வயதாக மாற்றியது. ஒன்று முதல் மூன்று வயது வரை நாளைக்கு 120 மில்லிக்கு மேல் போகக் கூடாது, நான்கு முதல் ஆறு வயது வரை 180 மில்லிக்கு மேல் கூடாது என்று அளவும் கட்டியது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019ல் இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டு வயதுக்குக் கீழ் பழச்சாறே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளைக்கு 125 மில்லிக்குள், அதற்கு மேற்பட்ட வயதில் 250 மில்லிக்குள், அதுவும் கூடியவரை பருவத்தில் கிடைக்கும் முழுப் பழமே நல்லது என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023ல் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான வழிகாட்டலில் சர்க்கரை சேர்த்த பானங்களைக் கொடுக்கக் கூடாது என்றும், சர்க்கரை சேர்க்காத தூய பழச்சாறையும் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. இன்று உங்கள் வீட்டில் "ஆறு மாசம்" என்று சொல்லும் மருத்துவர் 2001 கணக்கில் படித்தவராக இருக்கலாம். பொய் சொல்லவில்லை, கணக்கு மாறிவிட்டது.

ஒன்றா இரண்டா என்றால் நான் இரண்டு பக்கம்தான். காரணம் எளிமையானது. ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான காலம்தான் குழந்தை பால் உணவிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறும் காலம். நம் நாட்டில் ரத்தசோகை அதிகம் உள்ள வயதும் அதுதான். அந்த வயிற்றில் ஒவ்வொரு 100 மில்லி இடமும் விலையுயர்ந்தது. மெல்லக் கற்றுக்கொள்ளும் பழக்கமும் அப்போதுதான் நிலைக்கிறது. கட்டி கட்டியான உணவை ஒன்பது, பத்து மாதத்துக்குள் வாயில் வைத்துப் பழகாத குழந்தை பின்னால் மெல்ல மறுத்துத் துப்புவதை அடிக்கடி பார்க்கிறோம். இனிப்பாக, மெல்லாமல் இறங்கும் ஒன்றை அந்த நேரத்தில் அறிமுகம் செய்வது அந்தப் பயிற்சிக்கே இடைஞ்சல். அதற்காக, பதினான்கு மாதக் குழந்தை கல்யாண வீட்டில் அத்தை கையிலிருந்த டம்ளரில் இரண்டு வாய் குடித்துவிட்டது என்று பதற வேண்டாம். நாள்தோறும் நடப்பதைப் பற்றித்தான் இந்தப் பேச்செல்லாம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் எந்தத் தளர்வும் கிடையாது. தாய்ப்பால், அது இல்லாதபோது மருத்துவர் சொன்ன பவுடர் பால், வேறு எதுவும் வேண்டாம். தண்ணீர்கூட வேண்டாம். ஜூஸ் போன அளவு தாய்ப்பால் குறையும், உறிஞ்சுவது குறைந்தால் பால் சுரப்பதும் குறையும். கேரட், பீட்ரூட், கீரைச் சாறு கொடுப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் காய்களில் நைட்ரேட் உண்டு. முதல் சில மாதங்களில் அது குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து, உதடும் நகமும் நீலமாகும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

ஜூஸைத் தேடும் நான்கு சந்தர்ப்பங்கள்

முதலாவது மலச்சிக்கல். இதில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆப்பிள், பேரிக்காய், உலர்ந்த பிளம்ஸ் ஆகியவற்றில் சார்பிடால் என்ற ஒருவகை இனிப்புப் பொருள் உண்டு. குடல் அதை முழுதாக உறிஞ்சாது, அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், மலம் இளகும். அதனால் கெட்டியாகப் போகும் குழந்தைக்குச் சில நாள் மட்டும் அளவாக அந்தச் சாறுகளை மருத்துவர் சொல்வதுண்டு. அது மருந்து, மருந்துபோலவே அளவும் நாளும் உண்டு. சாத்துக்குடியில் சார்பிடால் இல்லை என்றே சொல்லலாம், ஆகவே மலச்சிக்கலுக்குச் சாத்துக்குடி என்பதில் பெரிய பொருள் இல்லை. அதற்கும் முன்னால், அது மலச்சிக்கல்தானா என்று பார்க்க வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் இரண்டு, மூன்று மாதக் குழந்தை ஐந்து நாள், ஒரு வாரம்கூட மலம் போகாமல் இருக்கும். வயிறு மென்மையாக இருந்து, நன்றாகப் பால் குடித்து, கடைசியில் போவது களிபோல மிருதுவாக இருந்தால் அது சிக்கலே இல்லை. அந்தக் குழந்தைக்குத்தான் உலர் திராட்சை ஊறவைத்த தண்ணீரைப் புகட்டுகிறார்கள். பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல், வயிறு உப்பல், வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் அது ஜூஸ் விஷயமே இல்லை, உடனே காட்ட வேண்டும்.

இரண்டாவது வயிற்றுப்போக்கு. இங்கே ஜூஸ் நேராகவே கெடுதல். மேலே சொன்ன அதே தண்ணீர் இழுக்கும் வேலையை, ஏற்கெனவே தண்ணீராகப் போகும் குடலில் செய்யும். ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான். ஒரு லிட்டர் ஆப்பிள் சாறில் சர்க்கரை 100 கிராம். போக்கில் இழக்கும் சோடியமோ சாறில் ஏறக்குறைய இல்லை. இளநீரிலும் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அதனால் அதுவும் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்று ஆகாது. பாக்கெட்டில் சொன்ன அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், ஆறு மாதத்துக்கு மேல் என்றால் நாளைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைத் தாங்கி வந்த டெட்ரா பாக்கெட் பழ பானங்களைப் பல வருடம் மக்கள் மருந்தென்று நம்பி வாங்கினார்கள். அந்த எழுத்தைப் பானங்களின் பெயரில் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்ட பிறகுதான் கொஞ்சம் விடிவு வந்தது.

மூன்றாவது காய்ச்சல். "வாய்க்கு ஒண்ணும் புடிக்கல, ஜூஸாவது போகட்டும்" என்பார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலில் வேண்டியது அடிக்கடி தாய்ப்பால், ஆறு மாதம் தாண்டியிருந்தால் காய்ச்சி ஆறிய தண்ணீர், நீர்க்கக் கரைத்த கஞ்சி. சிறுநீர் போகிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறு மணி நேரம் டயப்பர் நனையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. மருந்தை ஜூஸில் கலந்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. குழந்தை பாதியைத் துப்பிவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

நான்காவது ரத்தம் ஊறுவது. மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருக்கின்றன, ஆகவே ரத்தம் ஊறும் என்று ஒரு நம்பிக்கை. 100 கிராம் மாதுளை முத்தில் இரும்புச்சத்து 0.3 மில்லிகிராம் அளவுதான். நிறம் இரும்பால் வருவதில்லை. ஆறு மாதத்தில் கருவறையிலிருந்து சேர்த்துக் கொண்டுவந்த இரும்பு இருப்பு தீரத் தொடங்குகிறது. அதை ஈடுகட்ட ஈரல், முட்டை, மீன், கறி, பருப்பு, கேழ்வரகு, கீரை, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் இரும்புச் சொட்டு மருந்து இவைதான் வேண்டும். பழத்துக்கு இதில் ஒரு நல்ல துணை வேலை உண்டு. பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பைக் குடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது, வைட்டமின் சி உடன் இருந்தால் எடுத்துக்கொள்ளும். மசித்த கீரைப் பருப்பு சாதத்தில் நாலைந்து சொட்டு எலுமிச்சை விடுங்கள், அல்லது சாப்பாடு முடிந்த கையோடு இரண்டு சுளை ஆரஞ்சு கொடுங்கள். சாறுக்கு இந்த வயதில் நியாயமான இடம் என்றால் அந்த நாலைந்து சொட்டுதான்.

பல்லும் கிருமியும்

முதல் பல் முளைத்த நாளிலிருந்து ஜூஸ் பாட்டில் அதன் எதிரி. ஆரஞ்சுச் சாறின் அமிலத்தன்மை பி.எச். அளவில் 4க்கும் கீழே; இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். 5.5க்குக் கீழே போனாலே பல் மேற்பூச்சு கரையத் தொடங்கும். சாறின் அமிலம் ஒரு பக்கம், அதன் சர்க்கரையைத் தின்று கிருமிகள் உண்டாக்கும் அமிலம் இன்னொரு பக்கம். எச்சில் இதைக் கழுவி ஈடுகட்டும், ஆனால் அதற்கு அரைமணி நேரம்போல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் என்று சிப்பரைக் கையில் வைத்துக்கொண்டு திரியும் குழந்தையின் பல்லுக்கு அந்த ஓய்வே கிடைப்பதில்லை. பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கினால் இன்னும் மோசம், தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்காக்கும், மேல்வரிசை முன்பற்கள் நான்கும்தான் அடிவாங்கும். உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் தொடக்கம். அந்த நிலையில் பிடித்தால் நிறுத்திவிடலாம், பழுப்பாக மாறிவிட்டால் பல் மருத்துவர்தான். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் சர்க்கரை பாதியாகும் என்பது உண்மை. ஆனால் அளவு இரண்டு மடங்காகி, குடிக்கும் நேரமும் நீண்டால் பல்லுக்குக் கிடைத்த லாபம் போய்விடும்.

கடை ஜூஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது, மிக்ஸி ஜார் கடைசியாக எப்போது கழுவப்பட்டது, வெட்டி வைத்த பழம் எத்தனை மணி நேரமாக ஈ மொய்க்கக் கிடக்கிறது என்று நமக்குத் தெரியாது. வீட்டில் பிழிந்தால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்கக் கூடாது. தோலில் இருக்கும் கிருமியைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். அமிலம் இருப்பதால் பழச்சாறில் கிருமி வாழாது என்ற எண்ணத்தை உடைத்தது 1996ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நடந்த சம்பவம். சூடாக்கிப் பதப்படுத்தாத ஆப்பிள் சாறில் இருந்த ஈ.கோலை கிருமி பல குழந்தைகளின் சிறுநீரகத்தைத் தாக்கியது, 16 மாதப் பெண் குழந்தை ஒன்று இறந்துபோனது. பாக்கெட் ஜூஸில் கிருமி பயம் குறைவு, ஆனால் லேபிளைப் படிக்க வேண்டும். பழ பானம் என்று விற்கப்படுவதில் 10 சதவீதம் சாறு இருந்தாலே சட்டப்படி போதும், மிச்சம் தண்ணீரும் சர்க்கரையும். செறிவிலிருந்து தண்ணீர் கலந்து மீட்டெடுத்த சாறை 100 சதவீதப் பழச்சாறு என்று லேபிளிலும் விளம்பரத்திலும் போடுவதை நீக்கச் சொல்லி 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது.

பழத்தை எப்படிக் கொடுப்பது

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதல் நாள் ஒரே ஒரு பழம், இரண்டு டீஸ்பூன். மூன்று நாள் அதையே கொடுத்துப் பார்த்து, பிறகு அடுத்தது. நன்றாகக் கனிந்த வாழைப்பழம், பப்பாளி, விதையும் தோலும் நீக்கிய சப்போட்டா, நார் இல்லாத மாம்பழம் ஆகியவற்றைக் கையாலோ முள்கரண்டியாலோ மசித்தாலே போதும், மிக்ஸியில் போட்டுத் தண்ணீராக்க வேண்டாம். எட்டு மாதத்தில் மசியலில் சின்னச் சின்னக் கட்டி இருக்கட்டும். ஆப்பிளைப் பச்சையாகத் துண்டு போட்டுக் கொடுப்பது ஆபத்து, தொண்டையில் அடைக்கும். தோல் சீவி, இட்லிப் பாத்திரத்தில் எட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து மசியுங்கள். திராட்சையை நெடுக்காக நான்காகக் கீற வேண்டும், விதையையும் எடுத்துவிட வேண்டும். மாதுளை முத்தை அப்படியே கொடுக்காமல் நசுக்கிக் கொட்டையை நீக்குங்கள். கொய்யாவில் நடுவே உள்ள விதைப் பகுதியைச் சல்லடையில் தேய்த்துச் சதையை மட்டும் எடுக்கலாம். ஒரு வயது வரை தேன் சேர்க்கவே கூடாது, அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகளை அந்தக் குடல் தாங்காது. சர்க்கரையும் வேண்டாம்.

சாத்துக்குடியோ கமலா ஆரஞ்சோதான் வேண்டும் என்றால் அதையும் பழமாகவே கொடுக்கலாம். ஓடும் தண்ணீரில் பழத்தைக் கழுவி, உரித்து, சுளையின் முதுகுப் பக்கத்தை நகத்தால் கீறினால் அந்த வெள்ளைத் தோல் பிரியும். விதைகளை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் சாறுமுத்துகளை விரலால் உதிர்த்து ஒரு தட்டில் போடுங்கள். எட்டு, ஒன்பது மாதக் குழந்தை அதைத் தானே அள்ளி வாயில் வைத்துக்கொள்ளும். முகமெல்லாம் சாறு வழியும். புளிப்புச் சாறு பட்டு வாயைச் சுற்றிக் கொஞ்சம் சிவக்கலாம், பெரும்பாலும் அது தோல் எரிச்சல்தான், துடைத்தால் ஒரு மணி நேரத்தில் மறையும். உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம், மூச்சிரைப்பு என்றால் மட்டும் ஒவ்வாமை என்று எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

ஏற்கெனவே பழகிவிட்ட குழந்தைக்கு

இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் ஜூஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வீடு இரண்டுபடும். முதலில் இரவுப் பாட்டிலைத் தொடுங்கள், பல்லுக்கு அதுதான் முதல் ஆபத்து. படுக்கைப் பாட்டிலில் நாலில் ஒரு பங்கு தண்ணீர், மூன்று நாள் கழித்துப் பாதி, அடுத்த மூன்று நாளில் முக்கால், பிறகு வெறும் தண்ணீர். பல் துலக்கியபின் தண்ணீர் மட்டும் என்ற பழக்கம் அதோடு வரட்டும். பகல் ஜூஸைப் பாட்டிலிலிருந்து திறந்த டம்ளருக்கு மாற்றுங்கள். டம்ளரில் குடிக்கும்போது சிந்தும், சலிக்கும், தானாகவே அளவு குறையும். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் எதுவும் வேண்டாம், கேட்டால் தண்ணீர். அதே நேரத்துக்கு, ஜூஸ் கிடைத்த அதே இடத்தில் உட்காரவைத்து, அதே பழத்தை உரித்துக் கொடுங்கள். முதல் மூன்று நான்கு நாள் அழுகை இருக்கும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் மாறிவிடுகின்றன, சாதம் இறங்கத் தொடங்கும்.

இரண்டு வயது தாண்டிய குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால், பழத்தை வெட்டும் முன்பே கழுவி, கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, சர்க்கரையும் ஐஸும் இல்லாமல், சக்கையை முழுக்க வடிகட்டாமல், பிழிந்த அரைமணி நேரத்துக்குள், சாப்பாட்டோடு, டம்ளரில் கொடுங்கள். 125 மில்லி என்பது அதிகபட்ச அளவு, தினமும் எட்ட வேண்டிய இலக்கு இல்லை. வீட்டில் காபி குடிக்கும் சாதாரண எவர்சில்வர் டம்ளரை எடுத்து, மருந்து மூடியால் ஒருமுறை தண்ணீர் அளந்து ஊற்றி, 125 எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது பாட்டியிடமும் அந்த மட்டத்தைக் காட்டிவிட்டு வரலாம்.